பெரியம்மாவுக்கு நாம் நடத்திய அஞ்சலி

நேற்று மத்தியானம் அடி அண்ணாமலையில் உன் தம்பி வீட்டுக்குப் போனேன். வண்டியை நிறுத்திவிட்டு நிமிர்ந்தால், மாட்டுக்கொட்டகையின் கூரை மேலிருந்து பெரியம்மா என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஆறடிக்கு நாலடி பிளக்ஸ். நெற்றியில் விழுந்த நரைமுடி, தடித்த சட்டம் போட்ட கண்ணாடி, சுற்றிலும் கறுப்புப் பட்டை, கீழே 'கண்ணீர் அஞ்சலி'. நான்கு மூலையிலும் கயிறு போட்டு இழுத்துக் கட்டியிருக்கிறான். வெயிலில் காய்ந்த பிளக்ஸுக்கு ஒரு வாசனை உண்டு, பெயின்டும் ரப்பரும் கலந்தது மாதிரி.

"வாங்கக்கா" என்று வெளியே வந்த உன் தம்பி, நான் எதைப் பார்க்கிறேன் என்று பார்த்தான். "நல்ல ஷீட்டுக்கா. மூணு மழை பேஞ்சிடுச்சு, ஒரு சொட்டு உள்ள எறங்கல. கிரிவலம் போறவங்கல்லாம் நின்னு கேக்கறாங்க, யாரு இந்தம்மானு. யாருக்கா?"

"உங்க அக்காவுக்குப் பெரியம்மா."

அவன் விழித்தான். அப்பா வழியில் ஒரு முறையும் அம்மா வழியில் ஒரு முறையும் தேடிப் பார்த்திருப்பான். நான் விளக்கவில்லை. உன் நோட்டுகளை வாங்கத்தான் போயிருந்தேன். புடவையில் மூட்டையாகக் கட்டி, நெல் குதிர் மேல் வைத்திருந்தான். அதை மடியில் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தேன். வந்ததிலிருந்து உன்னோடு பேசிக்கொண்டே இருக்கிறேன். சும்மா பேசினால் பத்தாது என்று இதை எழுதுகிறேன். நீ இருந்தபோது பாதிதான் சொன்னேன். இப்போது முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

உறவுமுறை வைக்கும் பழக்கத்தை ஆரம்பித்தது நீதான். செங்கம் ரோட்டில் உன் மாடியில் இரண்டு அறைகளை வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தாய். ஆசிரமத்துக்கு வந்து மூன்று மாதம், ஆறு மாதம் தங்குகிறவர்கள். ஊருக்குக் கிளம்பும்போது பையில் எடை ஜாஸ்தி என்று புத்தகங்களைக் கட்டிலடியில் தள்ளிவிட்டுப் போவார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் அதையெல்லாம் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டார்கள். நீ உட்கார்ந்து படித்தாய். படித்து முடித்தால் எழுதியவருக்கு ஓர் உறவு வைத்துவிடுவாய். போலந்து மாமா, துருக்கி அண்ணன், போர்ச்சுகல் சித்தப்பா. காலேஜில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த நாளிலிருந்து உன் கிறுக்குகளை எனக்குத் தெரியும், ஆனாலும் இது கொஞ்சம் அதிகம்தான். கலெக்டர் ஆபீஸில் ஃபைல் பார்த்துக்கொண்டிருக்கும்போது போன் பண்ணி, "துருக்கி அண்ணனுக்குப் பையன் கூட பேச்சுவார்த்தையே இல்லையாம்டி" என்பாய். எதிர் சீட்டுக்காரர் உன் குடும்பத்தில் ஏதோ தகராறு என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.

கதையைவிட, எழுதியவர் எப்படி வாழ்ந்தார் என்பதுதான் உனக்கு முக்கியம். ஒவ்வொருவருக்கும் நோட்டில் ஒரு பக்கம். எங்கே வேலை பார்த்தார், எந்நேரம் எழுதினார், வீடு எப்படி. எல்லாருக்கும் கடைசிக் கேள்வி ஒன்றுதான்: எழுதும்போது யார் சமைத்தார்கள்? பாதிப் பேருக்குப் பதில் கிடைக்காது. கிடைத்தாலும் 'மனைவி' என்று இருக்கும். ஒருநாள் ஒரு வாழ்க்கை வரலாற்றை என் முகத்துக்கு நேரே நீட்டி, "பாருடி, நாயி பேரு போட்டிருக்கான். பொண்டாட்டி பேரு போடல" என்று கத்தினாய். கீழ் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

பெரியம்மா வந்தது அர்ஜென்டினாக்கார டீச்சர் மூலமாக. அந்த அம்மாள் தீபம் முடிந்து வந்து மாசி வரை தங்குவார். இரண்டு வருஷம் தொடர்ந்து வந்தார். அவருக்கு நீ காரக்குழம்பு கற்றுக்கொடுத்தாய், உனக்கு அவர் ஸ்பானிஷ் கற்றுக்கொடுத்தார். யாருடைய கல்வி தேறியது என்று எனக்குத் தெரியாது. அவர் வைத்த குழம்பை நான் சாப்பிட்டிருக்கிறேன், நீ தேறிவிட்டாய் என்று மட்டும் சொல்வேன். அவர் கடைசியாகக் கொடுத்துவிட்டுப் போன நாவல்தான் பெரியம்மாவுடையது. ராணுவ ஆட்சியில் ராவோடு ராவாகக் காணாமல் போன தம்பியைத் தேடி ஒரு பெண் ஆபீஸ் ஆபீஸாக மனு கொடுக்கிறாள். புத்தகத்தில் பாதி அவள் எழுதும் மனுக்கள், மீதி அவளுக்கு வரும் பதில்கள். பெரியம்மாவே பால் கம்பெனி ஒன்றில் டைப்பிஸ்டாக இருந்தவர். அந்தப் புத்தகத்துக்காக ஊரை விட்டு ஓடி, வேறு தேசத்தில் துணி தைத்துப் பிழைத்து, ஆட்சி போன பிறகு திரும்பி வந்தவர்.

அதனால்தானே என்னை இழுத்தாய்? "மனு பாஷை எனக்கு வராதுடி. நீ திங்கக்கெழமை திங்கக்கெழமை மனு நாள்ல அதானே படிக்கிற?" என்றாய். நீ ஸ்பானிஷிலிருந்து பொருளைச் சொல்வாய். நான் அதை நம் ஆபீஸ் தமிழில் போடுவேன். 'மேற்படி மனுதாரரின் கோரிக்கை பரிசீலிக்கப்பட்டது. ஏற்பதற்கில்லை எனத் தெரிவிக்கப்படுகிறது.' நீ கைதட்டிச் சிரிப்பாய். பிறகு சட்டென்று நிறுத்தி, "எவ்ளோ ஈசியா வருது உனக்கு" என்பாய். அதைக் கேட்டு எனக்குத் தூக்கம் போன நாட்கள் உண்டு. இருபத்தைந்து வருஷமாக யாருக்கெல்லாம் அந்த வாக்கியத்தை அனுப்பியிருக்கிறேன் என்று அதற்கு முன் நான் யோசித்ததே இல்லை.

மொத்தம் இருபத்தோரு அத்தியாயம். பதினெட்டு முடித்த மாதத்தில்தான் உன் வயிற்று வலிக்குப் பெயர் தெரிந்தது. வேலூரிலிருந்து ஸ்கேன் கவரோடு வந்து இறங்கியவள், கவரைத் திறக்காமலே சொன்னாய்: "மூணுதான் பாக்கி. அதுக்குள்ள என்னைக் கூப்புடக் கூடாதுனு மலைகிட்டச் சொல்லிட்டேன்." நான் மலையைத் திட்டினேன். நீ என் வாயைப் பொத்தினாய்.

பெரியம்மாவுக்கு நீ அனுமதி கேட்டு எழுதி அப்போதே மூன்று மாதம் ஆகியிருந்தது. கூடவே சந்தேகங்கள் ஒரு பட்டியல். பதில் இல்லை. அனுமதிக் கடிதம் வராமல் அச்சுக்கு அனுப்ப முடியாது என்று சென்னைப் பதிப்பாளர் சொல்லிவிட்டார். தினமும் காலையில் போனைத் திறந்து பார்ப்பாய், மூடுவாய். "ஒடம்பு சரியில்லையோ என்னமோ, வயசாச்சில்ல" என்று அவருக்காக நீயே சமாதானம் சொல்லிக்கொள்வாய்.

இனிமேல் வருவது என் பங்கு.

நம் வாசகர் வட்டத்தைப் பற்றி வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் மாடியில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எண்ணி எட்டுப் பேர். ஆனால் உலகத்தில் எந்த மூலையில் ஒரு நாவலாசிரியர் செத்தாலும் திருவண்ணாமலையில் அவருக்கு அஞ்சலிக் கூட்டம் உண்டு. பிளக்ஸ், மாலை, குத்துவிளக்கு, இரண்டு நிமிஷம் மௌனம். இறந்தவருக்கு நம் ஊர் எங்கே இருக்கிறது என்றே தெரிந்திருக்காது. "உசிரோட இருக்கறப்ப ஒரு டீ வாங்கித் தர ஆளில்ல, செத்தா பேனரு" என்று நீ கிண்டல் பண்ணுவாய். பண்ணிவிட்டு முதல் ஆளாக வந்து உட்காருவாய். கூட்டம் ஏற்பாடு செய்வது என் பொறுப்பு. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. எந்த ஊர் வட்டமும் கூட்டம் போடுவதற்கு முன் நாம் போட்டுவிட வேண்டும். அந்த அவசரம் என் ரத்தத்திலேயே இருந்தது.

ஒரு வியாழக்கிழமை நீ மறுபடி ஸ்கேனுக்குப் போயிருந்தாய். பெரியம்மாவின் வாசகர்கள் நடத்தும் இணையப் பக்கத்தில் ஒரு படம் வந்திருந்தது. இரண்டு வயதான பெண்கள், முன்னால் பெரியம்மா, பின்னால் இன்னொருவர், ஓரத்தில் கறுப்பு ரிப்பன். கீழே ஸ்பானிஷில் நாலு வரி. எனக்கு ஸ்பானிஷ் தெரியாது. படம் போதும் என்று நினைத்தேன். உனக்குப் போன் பண்ணிக் கேட்டிருக்கலாம், சாயங்காலம் வரை பொறுத்திருக்கலாம். அரை மணி நேரத்தில் பிளக்ஸ் கடைக்குப் படம் அனுப்பிவிட்டேன்.

கீழே இருந்த வரிகளை வெட்டிவிட்டுப் படத்தை மட்டும் உனக்கு அனுப்பி, நான்தான் போனில் சொன்னேன். பின்னால் ஆஸ்பத்திரி மைக்கில் யாருடைய பெயரையோ கூப்பிட்டார்கள். "சரி" என்றாய். அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நீ பேசியதுபோல் அந்த மாடியில் யாரும் பேசியதில்லை. தாள் இல்லை, குறிப்பு இல்லை. பால் கம்பெனி டைப்ரைட்டரில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் எழுதிய பெண்ணைப் பற்றிச் சொன்னாய். பக்கங்களை மாவு டப்பாவில் ஒளித்து வைத்ததைச் சொன்னாய். "எனக்கும் அவங்களுக்கும் நடுவுல எவ்ளோ கடல். ஆனா அவங்க எழுதின ஒரு மனுவ நான் தமிழ்ல எழுதறப்ப, நம்ம கலெக்டர் ஆபீஸ் வராண்டால நிக்கற பொம்பளைங்க மொகம்தான் தெரிஞ்சுது" என்றாய். முன்வரிசையில் இருந்த நம் தலைவர், ரிட்டயர்டு தலைமையாசிரியர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் அதையெல்லாம் போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன்.

கூட்டம் முடிந்து படியிறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டாய். "அவ்ளோதான்டி. இனிமே சந்தேகம் யாரைக் கேக்கறது? யாருகிட்ட அனுமதி வாங்கறது? அவங்களும் போயிட்டாங்க, நானும் போகப்போறேன். நடுவுல இது எதுக்கு?" என்றாய். மறுநாள் காலை வேலூரில் போய்ப் படுக்க வேண்டும். போகிற வழியில் நோட்டுகளைப் புடவையில் கட்டி, சுருட்டிய பேனரோடு தம்பி வீட்டில் போட்டுவிட்டுப் போனாய். கடைசி மூன்று அத்தியாயத்தையும் ஆஸ்பத்திரியிலேயே முடிப்பதாகத்தான் அதுவரை திட்டம். எழுதுகிற பலகையைக்கூட வாங்கி வைத்திருந்தாய்.

கூட்டம் நடந்த அன்றே, கையோடு, நீ பெரியம்மாவுக்கு எழுதிய அதே முகவரிக்கு வட்டத்தின் சார்பில் நான் ஓர் இரங்கல் மின்னஞ்சல் அனுப்பியிருந்தேன். பேனர், மாலை, விளக்கு எல்லாம் தெரிகிற மாதிரி நாலு போட்டோ. குடும்பத்தார் பார்த்தால் ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை ஆபீஸில் மனு அடுக்கிக்கொண்டிருந்தபோது பதில் வந்தது. ஆங்கிலத்தில் நாலு வரி. 'நான் உயிரோடு இருக்கிறேன். இறந்தது என் தங்கை. என் படத்துக்கு மாலை போட்டு விளக்கு ஏற்றியிருக்கிறீர்கள். நீங்கள் யார்?'

மனுக்கட்டு என் கையிலிருந்து நழுவித் தரையில் சிதறியது. பக்கத்து சீட்டுக்காரர் பி.பி. மாத்திரை போட்டீர்களா என்று கேட்டார்.

உடனே உனக்குச் சொல்லியிருக்க வேண்டும். அடுத்த பஸ்ஸில் ஏறி வந்து, "எழுந்திருடி, பெரியம்மா இருக்காங்க, வேலையைப் பாரு" என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. டாக்டர் உன்னை அலட்டக் கூடாது என்றார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. வெட்கம், வேறொன்றும் இல்லை. ஊரெல்லாம் கூட்டத்தைப் பாராட்டிக்கொண்டிருந்தது. உன் பேச்சை நாலு குழுவில் போட்டிருந்தேன். ஓர் அம்மாளை உயிரோடு சாகடித்துவிட்டேன் என்று எந்த வாயால் சொல்வது? பெரியம்மாவுக்கும் பதில் போடவில்லை. போனை எடுப்பேன், அந்த நாலு வரியைப் படிப்பேன், வைத்துவிடுவேன்.

லீவு போட்டுவிட்டு ஒருநாள் விட்டு ஒருநாள் உன்னிடம் வந்தேன். நீ சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாய். கஞ்சி கொடுத்தால் குடிப்பாய். எழுதுகிற பலகை கட்டிலடியில் பிளாஸ்டிக் கவர் பிரிக்காமல் கிடக்கும். "எழுதலியாடி?" என்று ஒருமுறை கேட்டேன். "யாருக்கு?" என்றாய். இப்போது சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். ஊசி போட நர்ஸ் வந்தாள். அவள் போன பிறகும் எனக்கு நேரம் இருந்தது. நான் உன் தலையணை உறையை மாற்றினேன். ஒவ்வொரு தடவையும் வேலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன் என்று முடிவு பண்ணுவேன். வார்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது அந்த முடிவும் கழன்று விழும்.

அப்புறம் மறுவாரம் வியாழன். அன்றைக்குக் கொஞ்சம் தெளிவாக இருந்தாய். எழுந்து உட்கார்ந்து ஜன்னல் பக்கம் பார்த்தபடி கேட்டாய்.

"ஏய், அவங்களுக்கு ஒரு தங்கச்சி உண்டில்ல? அந்த போட்டோல பின்னாடி நின்னாங்களே. பாவம், ரெண்டு பேரும் ஒண்ணா இருந்தவங்க. இப்ப தனியா இருப்பாங்க. அந்தம்மாவுக்கு ஒரு லெட்டர் எழுதலாமாடி? நான் சொல்றேன், நீ டைப் அடி."

நான் அழுதுவிட்டேன். பக்கத்துக் கட்டில் அம்மா பயந்து, "இன்னாமா ஆச்சு?" என்று எழுந்துவிட்டார்.

"செத்தது தங்கச்சிதான்டி" என்றேன். "பெரியம்மா இருக்காங்க. நான்தான் தப்பாப் பார்த்துட்டேன்."

போனை எடுத்து அந்த நாலு வரியைக் காட்டினேன். நீ படித்தாய். இரண்டாம் முறை படித்தாய். உன் முகத்தில் முதலில் வந்தது சந்தோஷம், அதை நான் பார்த்தேன். பிறகு உன் பார்வை மேலே போனது, மின்னஞ்சல் வந்த தேதிக்கு. விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தாய்.

"ஒம்போது நாளா தெரியுமா உனக்கு?"

நான் தலையாட்டினேன்.

"தப்பு பண்ணது பரவால்ல. யாரு வேணா பண்ணுவாங்க. ஒம்போது நாளு எங்கிட்ட வந்து கஞ்சி குடுத்துட்டு, தலவாணி ஒற மாத்திட்டு..." உனக்கு மூச்சு வாங்கியது. "மூணு அத்தியாயம்டி. ஒம்போது நாள்ல நான் முடிச்சிருப்பேன்."

நீ திட்டியிருந்தால் தேவலை. மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய். சாயங்காலம் பஸ்ஸுக்குக் கிளம்பும்போதுதான், "அந்த போட்டோவ காட்டு, பேனரு போட்டோ" என்றாய். காட்டினேன். பெரியம்மாவின் கழுத்தில் சம்பங்கி மாலை, பக்கத்தில் தலைவர் கைகூப்பி நிற்கிறார், விளக்கில் நான் திரி போடுகிறேன். பார்த்துக்கொண்டே இருந்தவளுக்குத் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாய் என்று நினைத்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வலிக்க வலிக்கச் சிரித்தாய். "இதைப் போய் அவங்களுக்கே அனுப்பிச்சியா? அட பாவி!"

அன்றைக்கே ஒற்றை விரலால் ஸ்பானிஷில் நீ பெரியம்மாவுக்கு எழுதினாய். இன்னொரு கையில் ஊசி. என்ன எழுதினாய் என்று கேட்டேன். எங்கள் ஊரில் இப்படித்தான், பிடித்தவர் செத்தால் பேனர் கட்டாமல் விட மாட்டோம், என் சிநேகிதி கொஞ்சம் அவசரக்காரி, மன்னியுங்கள், தங்கைக்கு எங்கள் அஞ்சலி என்று எழுதியதாகச் சொன்னாய். கடைசியில் உன் கேள்வியையும் விடவில்லை. நீங்கள் எழுதும்போது யார் சமைத்தார்கள்?

இரண்டு நாளில் பதில் வந்தது. அதை நீ எனக்குத் தமிழில் படித்துக் காட்டினாய். 'என் தங்கைதான் சமைத்தாள். என் கடிதங்களுக்குப் பதில் எழுதியதும் அவள்தான். அவள் படுத்துவிட்டதால்தான் உங்களுக்குப் பதில் வரவில்லை. புத்தகத்தைத் தாராளமாக மொழிபெயர்த்துக்கொள்ளுங்கள். ஒரு நிபந்தனை. என் சாவுக்கு நீங்கள் பேசியதை எனக்கு அனுப்ப வேண்டும். அதைக் கேட்கிற வாய்ப்பு யாருக்கும் கிடைப்பதில்லை.'

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்புகிற வழியில் தம்பி வீட்டில் மூட்டையை அவிழ்த்து, நோட்டில் பெரியம்மாவுக்கான பக்கத்தில் கடைசிக் கேள்விக்கு நேரே தங்கையின் பெயரை எழுதி, மறுபடி கட்டி வைத்தாய். ஒரு பெயர் முழுசாகக் கிடைத்தது அதுதான் முதல் தடவை.

வீட்டுக்கு வந்த பிறகு நாம் போட்ட சண்டையை நீ மறந்திருக்க மாட்டாய். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்தான் உன்னால் உட்கார முடிந்தது. அந்த ஒரு மணி நேரத்தில் நீ மூன்று அத்தியாயத்தைத் தொடவில்லை. உன் அஞ்சலிப் பேச்சை வீடியோவில் போட்டுக் கேட்டுக் கேட்டு ஸ்பானிஷில் எழுதினாய். நான் கத்தினேன். "கெழவிக்கு இப்ப அதுவா முக்கியம்? புத்தகம் நிக்குதுடி! உனக்கு நாளு கம்மினு தெரியுமில்ல?" என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது.

நீ பேனாவை வைக்கக்கூட இல்லை. "தெரியும். அந்த மூணையும் நீ இங்கிலீஷ் புத்தகத்துலேர்ந்து போட்டுடுவ. மனு பாஷ உனக்குத்தான் வரும். இத நான் மட்டும்தான் எழுத முடியும். உயிரோட இருக்கறவங்க கேக்கறாங்க, குடுக்காம போறதா?" என்றாய். நான் கோபத்தோடு படியிறங்கிப் போனேன். இரண்டு நாள் வரவில்லை. ஒன்பதோடு அந்த இரண்டையும் கூட்டிக்கொள்.

பேச்சை அனுப்பிய பத்தாம் நாள் காலை நீ போய்விட்டாய். நான் அடுப்பில் வெந்நீர் வைத்துவிட்டு உள்ளே வந்தேன். உன் தம்பி காலடியில் உட்கார்ந்திருந்தான். "அக்கா தூங்குதுக்கா" என்றான். இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் மூக்கின் கீழ் விரல் வைத்துப் பார்த்தேன். நாடியைப் பார்த்தேன். கண்ணாடியை எடுத்து வந்து முகத்தருகே பிடித்தேன். உன் தம்பி என் கையைப் பிடித்து, "விட்டுடுக்கா" என்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஒரு மாதமாகிறது. தலைவர் இரண்டு தடவை போன் பண்ணிவிட்டார், உனக்குக் கூட்டம் எப்போது, பிளக்ஸுக்கு எந்தப் படம் என்று. நான் ஏதாவது சாக்குச் சொல்கிறேன். பதிப்பாளர் தேதி கொடுத்துவிட்டார். பத்தொன்பதாம் அத்தியாயத்தை முடித்துவிட்டேன். உன் ஸ்பானிஷ் காது என்னிடம் இல்லை, இங்கிலீஷ் புத்தகத்தை வைத்துக்கொண்டு தட்டுத் தடுமாறுகிறேன். இருபதாவதில் ஒரு மனு வருகிறது. என்ன முயன்றும் என் ஆபீஸ் தமிழில் அது உட்கார மாட்டேன் என்கிறது. அந்தப் பெண் யாரிடமும் எதையும் கோரவில்லை, சும்மா தம்பியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நீ இருந்தால் இரண்டு நிமிஷத்தில் முடித்திருப்பாய். அதற்காகத்தான் நோட்டுகளை வாங்கி வந்தேன். மூட்டையை இன்னும் அவிழ்க்கவில்லை.

பெரியம்மாவுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. இந்த முறை நாள் கடத்தக் கூடாது என்று வைராக்கியமாக இருந்தேன். உன் காரியம் முடிந்த அன்றே உட்கார்ந்து எழுதினேன். போட்டோ எதுவும் வைக்கவில்லை. இரண்டே வரி. 'உங்கள் புத்தகத்தை மொழிபெயர்த்த என் சிநேகிதி இறந்துவிட்டாள். மூன்று அத்தியாயம் மீதி இருக்கிறது, அது என்னால்தான்.'

வாரக்கணக்கில் பதில் இல்லை. அவருக்குக் கடிதம் எழுதிக் கொடுக்க இப்போது ஆள் இல்லையே என்று நினைத்துக்கொண்டேன். இன்று காலை வந்திருக்கிறது. அவரே தட்டித் தட்டி அடித்திருப்பார் போல, எழுத்து முன்னே பின்னே இருக்கிறது. உன் பேச்சைத் தினமும் ஒரு பக்கம் வாசிப்பதாகச் சொல்கிறார். சமையலறையில் உட்கார்ந்து வாசிக்கிறாராம். அதற்குக் கீழே ஒரு வரி விட்டு, எனக்கு ஒரு கேள்வி:

'நன்றாக விசாரித்தீர்களா? நீங்கள் அவசரக்காரி என்று அவள் எழுதியிருந்தாள். போன தடவை மாதிரி இதுவும் தப்பாக இருக்கக் கூடாதா?'

அவர் கேலி செய்யவில்லை. நாலு தடவை படித்துவிட்டேன், கெஞ்சுகிறார். விசாரித்தேன் என்று நான் பதில் எழுத வேண்டும். மத்தியானம் ஆகிவிட்டது, இன்னும் அந்த ஒரு வார்த்தையை அடிக்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறேன்.